நான் மொழிபெயர்த்த குவாத்தமாலா

குவாத்தமாலாவில் என் மகளை ஏலக்காய் ஸ்டோருக்குள் தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டார்கள் என்று நான் நம்பினேன். ஒரு சனி, ஞாயிறு முழுக்க நம்பினேன். நம்பியதோடு விட்டிருந்தால் விஷயம் வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும். ஆனால் ஒன்றை நம்பிவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. சுற்றி இருக்கிற நாலு பேரும் அதை நம்பியாக வேண்டும்.

ஸ்டோர் என்றால் பறித்த பச்சைக் காயைக் காயவைக்கிற சூட்டறை. எங்கள் வண்டன்மேட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் பலருக்கும் சொந்தமாக ஒன்று உண்டு. அடுப்பு எரியும்போது உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குள் என் மகள் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு தடி மீசைக்காரர்கள் அவளுடைய போனைப் பிடுங்கிப் புரட்டிப் பார்க்கிறார்கள் என்று எனக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டே இருந்தது. மீசைக்காரர்களில் ஒருவனுக்கு, கம்பம்மெட்டில் எனக்குத் தெரிந்த ஒரு தரகருடைய முகம். பயப்படுவதற்குக்கூட எனக்கு ஒரு வெளிநாட்டு முகம் கிடைக்கவில்லை.

ஏன் இப்படி நம்பினேன் என்பதற்கு முதலில் குவாத்தமாலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு அது எங்கோ இருக்கிற ஒரு நாடு. ஏலக்காய் போடுகிற எங்களுக்கு அது ஒரு வசவு. விலை இறங்கினால் குவாத்தமாலா. அரபு நாட்டு வியாபாரி வாங்காமல் போனால் குவாத்தமாலா. சின்ன வயதில், பெரியவர்கள் ஸ்டோர் வாசலில் நின்று, ‘குவாத்தமாலா உள்ள வந்துட்டான், நாம செத்தோம்’ என்று பேசுவதைக் கேட்டு, அது யாரோ ஒரு பெரிய வியாபாரியின் பெயர் என்று நினைத்திருந்தேன். எங்களுக்குச் சமமாக, இல்லை, எங்களைவிட அதிகமாகவே ஏலக்காய் விளைவிக்கிற நாடு அது என்று தெரிந்த பிறகும் மனதில் அந்த ஆள் போகவில்லை.

என் மகள் பெங்களூரில் ஒரு கல்லூரியில் ஸ்பானிஷ் படிக்கிறாள். ஒரு பருவம் வெளிநாட்டில் போய்த் தங்கி, அந்த மொழி பேசுகிறவர்களோடு இருந்து படித்தால் பேச்சு சரளமாகும், நாலு இடம் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று கல்லூரியில் ஏற்பாடு. ஸ்பெயின் போகலாம், அல்லது குவாத்தமாலா போகலாம். ஸ்பெயின் எனக்குக் கட்டுப்படியாகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதை அவள் சொல்லவில்லை.

“ஸ்பெயின்ல எல்லாரும் கடகடன்னு பேசிருவாங்கப்பா. குவாத்தமாலாக்காரங்கதான் நிறுத்தி நிதானமாப் பேசுவாங்களாம். படிக்க வர்றவங்களுக்கு அதுதான் நல்லதாம்” என்றாள்.

என் மனைவி பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மலையேறி வந்து இத்தனை வருஷமாகியும் பேச்சு மட்டும் அங்கேயே இருக்கிறது. “ஏனுங்க, அந்த ஊர்ப் பேரச் சொன்னாலே காறித் துப்புவீங்க. இப்ப அங்கயே புள்ளைய அனுப்பறேங்கறீங்க?” என்றாள்.

பாயும் ஒரு கேள்வி கேட்டார். பாய் பாலக்காட்டு வியாபாரி. ஏலம் நடக்கிற நாட்களில் இங்கே வந்து காய் வாங்கிக்கொண்டு போவார். ஏல மையத்துக்கு எதிர்த்த டீக்கடையில் நாலு பேரை வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஏண்ணே, ஸ்பானிஷ் படிச்சு அது யாருகிட்டப் பேசப் போவுது?”

“குவாத்தமாலாக்காரன்கிட்ட. அவன் காய் எப்படி, பூ எப்படின்னு பார்த்துட்டு வரத்தான் அனுப்புறேன். ஒற்று வேலை பாய்” என்றேன்.

சும்மா சிரிப்புக்குச் சொன்னது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. “அது நல்ல யோசனைதான்” என்று ஒருவர் தலையை ஆட்டினார். அதற்கடுத்த வாரமே, “போனதும் சரத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க” என்று இன்னொருவர். சரம் என்பது செடியின் அடியில் தரையோடு படர்ந்து காய் பிடிக்கிற காம்பு. அதைப் பார்த்தால் விளைச்சல் தெரிந்துவிடும். சாதாரணமாக என்னைக் கண்டால் கதை அளக்க வந்துவிட்டான் என்று டீ கிளாஸோடு நகர்கிறவர்கள், இப்போது எனக்கு இடம் ஒதுக்கி உட்காரவைத்தார்கள். அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. அதனால் நானும் ஒற்று வேலையைத் தொடர்ந்தேன்.

மகள் கிளம்புவதற்கு முன்பு, ஸ்பானிஷ் சொல்லித்தரும் ஒரு செயலியை என் போனில் போட்டுக் கொடுத்தாள். “நீங்களும் கூடவே படிங்கப்பா. நான் வர்றப்ப நாம ரெண்டு பேரும் பேசலாம்.” பையன் ஆப்பிள் தின்கிறான், பெண் ரொட்டி தின்கிறாள் என்கிற பாடம் வரைக்கும் போனேன். அந்தப் பையன் இன்னும் என் போனில் ஆப்பிளைத் தின்று முடிக்கவில்லை. ஆனால் அவள் கேட்டபோதெல்லாம் பாதிக்கு மேலே வந்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் அதை நம்பி ஒரு விதி வைத்தாள்: வீடியோவில் பேசும்போது அம்மாவிடம் தமிழ், அப்பாவிடம் ஸ்பானிஷ் மட்டும்.

நமக்குக் காலை என்றால் அங்கே முந்தின நாள் சாயங்காலம். தோசை மாவுச் சட்டியில் போனைச் சாய்த்து வைப்போம். மனைவி முதலில் சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்டுவிட்டு அடுப்புக்குப் போவாள். அப்புறம் என் முறை. மகள் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக ஸ்பானிஷ் பேசுவாள். நான் சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டு, “முய் பியென்” என்பேன். ரொம்ப நல்லது என்று அர்த்தம். எந்தப் பேச்சுக்கும் பொருந்துகிற மாதிரி அப்படி ஒரு வார்த்தையை வைத்திருக்கிற மொழி எனக்குப் பிடித்துப்போனது.

அவள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவும் சில நாள் திரையில் வருவார். படிக்க வருகிற பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சோறு போடுவது அவருடைய பிழைப்பு. மகள் அவரை மரியாதையாகத் தோன்யா என்பாள். வயசான அம்மா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். அவரும் நிறுத்தி நிதானமாகத்தான் பேசினார். எவ்வளவு நிதானமாகப் பேசினாலும் தெரியாத மொழி தெரியாத மொழிதானே. “சீ, சென்யோரா” என்பேன். ஆமாம் அம்மா என்பதற்கு அங்கே அப்படி.

போனை வைத்த பிறகு மனைவி கரண்டியோடு வருவாள். “அந்தம்மா என்ன சொன்னாங்க?” அங்கேதான் நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். தோன்யா ஒருநாள் ஜன்னல் பக்கம் கையைக் காட்டிப் பேசினார். “அங்க மழை வரப்போகுதாம்” என்றேன். அவர் காட்டியது எரிமலை. இன்னொரு நாள் அவர் வெகுநேரம் பேசினார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நடுவில் கொஞ்சம் நிறுத்தினார். நான் கட்டைவிரலை உயர்த்தி, “முய் பியென்” என்றேன்.

“நெஞ்சு சளியாம்” என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் அதை மனதில் வைத்திருந்து, அடுத்த முறை மகளிடம், “அந்தம்மாளுக்கு இப்பத் தேவலையா கண்ணு?” என்று கேட்டாள். மகளும், “பரவாயில்லம்மா. சொன்னப்புறம் கொஞ்சம் லேசா இருக்காங்க” என்றாள். அதைக் கேட்டு நானே ஒரு நிமிஷம் அசந்துபோனேன். ஒருவேளை எனக்கு உண்மையிலேயே ஸ்பானிஷ் வந்துவிட்டதோ?

அந்தப் புதன்கிழமை காலையில் தோன்யா வேறு மாதிரி வந்தார். எப்போதும் கட்டியிருக்கிற சமையல் துணி இல்லை. தலை படிய வாரியிருந்தது. தோளில் கோடு கோடாக நெய்த நல்ல சால்வை. நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் பக்கத்தில் பேசாமல் இருந்தாள். அவர் என்னைப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். நடுவில் நிறுத்தி, நான் கேட்கிறேனா என்று பார்த்தார். கடைசியில் ஏதோ கேட்டார்.

“சீ, சென்யோரா” என்றேன்.

மகள் ஏதோ கேட்டாள். புரிந்ததா என்பதற்கான அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குத் தெரியும்; ஆப்பிள் பாடத்துக்கு முந்தைய பாடத்தில் வரும். “சீ, சீ” என்றேன். தோன்யா திருப்தி ஆகாமல் மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் மெதுவாகக் கேட்டார். நானும் மறுபடி, “சீ, சென்யோரா. முய் பியென். கிராசியாஸ்” என்று நன்றியும் சேர்த்துப் போட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலையைத் தாழ்த்தினார். மகள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பத்தாம் வகுப்பில் அவள் மாநில அளவில் பரிசு வாங்கியபோது நான் அவளைப் பார்த்து அப்படித்தான் சிரித்திருப்பேன்.

மனைவி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். “ஏனுங்க, அந்தம்மா இன்னைக்குப் பொண்ணுக் கேக்க வந்தாப்பல உக்காந்து பேசறாங்க?”

“நம்ம புள்ள வச்ச சாம்பார் நல்லா இருந்துச்சாம்.”

“அதுக்கா ரண்டு தரம் கேட்டாங்க?”

“பருப்பு எவ்வளவு போடணும்னு கேட்டாங்க.”

“அதுக்கு ஆமாங்கன்னீங்க?”

“தாராளமாப் போடுங்கன்னேன்” என்று எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரு மலைச்சரிவு, நம்ம ஊர் மாதிரியே பனிமூட்டம், முன்னால் ஏலச்செடி. கீழே ஒரு வரி: ‘அப்பா, உங்க எதிரி வீட்டுக்கு வந்தாச்சு.’ கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே பதில் அடித்தேன்: ‘சரத்துல எத்தனை காய்? கிட்டப் போய் எடு. யாருக்கும் தெரிய வேண்டாம்.’ அனுப்பிய செய்திக்கு ஒரு டிக் மட்டும் விழுந்தது. அவளுடைய போனுக்கு அது போய்ச் சேரவில்லை. மதியம் இன்னொன்று: ‘ஸ்டோர் உள்ள எடுக்க முடியுமா?’ அதற்கும் ஒரு டிக். சனிக்கிழமை கூப்பிட்டுப் பார்த்தால் மணியே அடிக்கவில்லை.

டீக்கடைக்குப் போனேன். படத்தைப் பாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார்.

“செடி நல்லாத்தான் இருக்கு.”

“செடி கிடக்கட்டும் பாய். நேத்து காலையிலேருந்து போன் எடுக்கல.”

பாய் கண்ணாடியைக் கழற்றினார். “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. காய் எடுக்குற சமயத்துல, ஆளு தெரியாத ஒருத்தன் நம்ம தோட்டத்துக்குள்ள நின்னு போட்டோ எடுத்தா நாம என்ன பண்ணுவோம்?”

என்ன செய்வோம் என்று எங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம். விலை ஏறின வருஷங்களில் ராவோடு ராவாகச் சரத்தோடு அறுத்துக்கொண்டு போகிறார்கள். அதனால் தெரியாத ஆளைப் பார்த்தால் முதலில் பிடித்து ஸ்டோரில் உட்காரவைப்போம், விசாரணை அப்புறம்.

“பிடிச்சு உக்கார வைப்போம்.”

“அதான். அவனும் ஏலக்காய்க்காரன்தானே?”

அவ்வளவுதான். அந்தக் கணத்தில் மீசைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அது போய்ச் சேரவில்லை என்பதே மறந்து, ‘யாருக்கும் தெரிய வேண்டாம்’ என்று நான் அடித்த வரி அவள் போனில் பளிச்சென்று எரிவது தெரிந்தது. தமிழில்தானே இருக்கிறது, யாருக்குப் புரியும் என்று ஒரு நிமிஷம் ஆறுதல். அடுத்த நிமிஷமே, தமிழ் தெரிந்த ஒருத்தன் இல்லாத ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று தோன்றியது. பழனிக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டேன். என் தலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் முருகனுக்கு லாபம் ஒன்றும் இல்லை.

வீட்டில் மனைவி அழவில்லை. அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். “அந்தம்மாளுக்குப் போன் போடுங்க. நீங்கதா அவங்க பாஷை பேசுவீங்கல்லோ.”

மகள் கொடுத்துவிட்டுப் போன எண்ணில் போட்டேன். மணி அடிக்கவில்லை. அப்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். மகளைக் காணோம். அதற்கு நடுவிலும், நல்லவேளை, எடுத்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று ஒரு நிம்மதி.

“எங்க போறோம்னு அந்தம்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களா?”

கேள்வி காதில் விழுந்ததுமே எனக்கு அந்தச் சால்வை ஞாபகம் வந்தது. வாரிய தலை, இழுத்துப் போட்ட நாற்காலி, இரண்டு முறை கேட்டது எல்லாம் வந்தது. சாம்பாருக்கு யாரும் சால்வை போட்டுக்கொண்டு வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில், ‘எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவங்க என்னமோ கேட்டாங்க, நான் என்னமோ சொன்னேன்’ என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் வீட்டு முற்றத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர், வார்டு மெம்பர், பிஸ்கட் பொட்டலத்தோடு பாய் என்று ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“சொல்லல” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரில் மகளுடைய பேராசிரியையைக் கூப்பிட்டேன். அந்த மேடம்தான் அங்கே இருக்கிற மொழிப்பள்ளியோடு பேசி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தவர். ஸ்பீக்கரில் போட்டேன். மனைவி பக்கத்தில் நின்றாள்.

“உங்க சம்மதம் இல்லாமயா கூட்டிட்டுப் போயிருக்காங்க?” மேடத்தின் குரல் மாறியது.

“ஆமா மேடம்.”

“சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்தம்மா அப்படிப்பட்டவங்க இல்ல. புள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போனாலும் அப்பா அம்மா வாயால சரின்னு கேட்டுக்கிட்டுத்தான் போவாங்க. அந்தப் பள்ளியிலயே அவங்களுக்கு அதுதான் பேரு. உங்ககிட்டக் கேக்கலையா?”

“கேக்கல மேடம்.”

“நான் இதை எழுதி அனுப்பினா அவங்களுக்குப் பெரிய பிரச்சனை ஆயிரும். அனுப்பட்டுமா?”

அன்றும் முற்றத்தில் கூட்டம் இருந்தது. பாய் பிஸ்கட்டைப் பாதி வாயில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அனுப்புங்க” என்றேன்.

அன்று முழுவதும் நான் வீட்டுத் தலைவனாக இருந்தேன். டீ கிளாஸை வைத்துக் குவாத்தமாலா இங்கே, கடல் இங்கே என்று காட்டினேன். தூதரகம் என்ற வார்த்தையைப் பல தடவை சொன்னேன். சித்தூரிலிருந்து மைத்துனர் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார்; எங்கே போவதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இருந்தாலும் வரச்சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் போன் அடித்தது. மகள். ஏதோ வண்டிக்குள் இருந்தாள், படம் குதித்தது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. விரல் நுனியெல்லாம் கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. பச்சைக் காய் பறித்த கை. இங்கே சின்ன வயதில் அடம்பிடித்துத் தோட்டத்துக்கு வந்து அப்படித்தான் கையை ஆக்கிக்கொள்வாள்.

“அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றாள். மனைவி போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் சொன்னதிலிருந்துதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. தோன்யாவின் அண்ணனுக்கு மலைமேல் கொஞ்சம் ஏலத்தோட்டம். எங்கள் மாதிரிதான், சின்னத் தோட்டம், புகை படிந்த ஒரு ஸ்டோர். அப்பா ஏலக்காய்க்காரர் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் தங்கள் அறுவடையைப் பார்க்காமல் போகக்கூடாது என்று அவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குப் படம் அனுப்பிய இடத்தைத் தாண்டினால் மலைக்கு மேலே டவர் கிடையாது. திங்கட்கிழமை இறங்குவதாக இருந்தார்கள். ஏலக்காயை விளைவிக்கிறார்களே தவிர அவர்கள் அதை வாயில் போடுவதில்லையாம். அதனால் மகள் ஏலக்காய் தட்டிப் போட்டு டீ வைத்துக் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டோடு எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் மொழிப்பள்ளியிலிருந்து ஆட்கள் வண்டியில் வந்து இறங்கியிருக்கிறார்கள். கூட ஒரு போலீஸ்காரர். அண்ணன், அண்ணன் பிள்ளைகள், காய் பறிக்க வந்தவர்கள் எல்லார் முன்னாலும் தோன்யாவைக் கேட்டிருக்கிறார்கள்: இந்தப் பெண்ணின் அப்பாவிடம் சொல்லாமல் ஏன் கூட்டி வந்தாய்?

“அவங்க, நான் ரெண்டு தரம் கேட்டேன், அவரு ரெண்டு தரமும் சரின்னாருன்னு சொன்னாங்கப்பா. இவங்க உங்க புகாரைக் காட்டுறாங்க.” மகள் தமிழில் பேசினாள். மூன்று மாதத்துக்கு மேலாயிற்று, என்னிடம் அவள் தமிழில் பேசி. “நீங்க கேக்கலைன்னு சொன்னீங்களா?”

“சிக்னல் சரியில்ல கண்ணு. அன்னைக்கு விட்டு விட்டுத்தான் கேட்டுச்சு.”

“அன்னைக்குச் சிக்னல் நல்லா இருந்துச்சுப்பா. அம்மாகிட்ட நீங்க சொல்லியிருப்பீங்கன்னுதான் நான் இருந்தேன்.”



மனைவி தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். “சாம்பாருன்னீங்க?”

“சாம்பாரா?” என்றாள் மகள். “நான் இங்க வந்து சாம்பாரே வைக்கலையே.”

“அப்ப அந்த நெஞ்சு சளி?”

மகள் மெதுவாகச் சொன்னாள். “அது அவங்க வீட்டுக்காரர் செத்ததைச் சொன்னதும்மா. யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்க. அப்பா அவ்வளவு பொறுமையாக் கேட்டதால சொன்னாங்க. கடைசில அப்பா கட்டைவிரலைக் காட்டினப்ப, எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. ஸ்பானிஷ்ல ஆறுதல் சொல்ல அப்பாவுக்கு வார்த்தை வரல, அதான் அப்படிப் பண்றாருன்னு அவங்ககிட்டச் சொன்னேன்.”

படம் ஒரு பக்கம் சாய்ந்தபோது பின்னால் தோன்யா தெரிந்தார். அதே சால்வை. அதை முகம்வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார்.

முற்றத்தில் மைத்துனருடைய வண்டி வந்து நின்றது. எங்கே போக வேண்டும் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன்.

அன்றே மேடத்தைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்தபோது பழக்கதோஷத்தில் ஒரு தமாஷோடு ஆரம்பித்தேன். “சார், சிரிக்காமச் சொல்லுங்க” என்றார். சிரிக்காமல் சொன்னேன். அவர் அதையும் எழுதி அனுப்பினார். பெற்றவர் ஒரு நாள் ஒன்று சொல்கிறார், மறுநாள் வேறு சொல்கிறார், இப்படிப்பட்ட சிக்கலில் பிள்ளைகளை விட முடியாது என்று பள்ளியில் முடிவெடுத்தார்கள். மகளை விடுதிக்கு மாற்றினார்கள். அந்த வருஷம் தோன்யா வீட்டுக்கு அப்புறம் பிள்ளைகளை அனுப்பவில்லை. மகள் போய் எழுதிக்கொடுத்தாள், அழுதும் பார்த்தாள். மறு வருஷமும் அனுப்பவில்லை என்று பின்னால் தெரிந்தது.

டீக்கடையில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்திருக்கலாம், பாய்க்கு எப்படியும் பாதி தெரிந்திருந்தது. சாம்பார் வரை வந்தபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் வழக்கம்போல சிரிப்பு மூட்ட வந்தது. சால்வையைச் சொல்லாமல் கதையை முடித்தேன். பாய் மட்டும் எழுந்து போகும்போது, “அந்தம்மா பொழப்பு போச்சே அண்ணே” என்றார்.

பருவம் முடிந்து மகள் வந்தாள். ஏரி பார்த்திருக்கிறாள், எரிமலை ஏறியிருக்கிறாள், ஸ்பானிஷ் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள். “தோன்யாவோட அண்ணன் குடுத்தாரு. அன்னைக்கே உங்களுக்குன்னு கட்டி வச்சிருந்தாரு. பள்ளிக்காரங்களும் போலீசும் வந்தப்புறமும் குடுத்து விட்டாரு.” பிரித்துக் கையில் கொட்டிப் பார்த்தேன். பச்சை கலையாத, தடித்த காய். நல்ல காய். அதை ஏல மையத்துக்குக் கொண்டுபோகவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தோன்யாவோடு பேசுகிறாள். அதே தோசை மாவுச் சட்டியில்தான் போனைச் சாய்த்து வைக்கிறாள். மனைவி பக்கத்தில் நின்று, “என்ன சொல்றாங்க கண்ணு?” என்று கேட்கிறாள். மகள் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். என்னைக் கூப்பிடுவதில்லை. நானும் அந்த நேரத்தில் தோட்டத்தில் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். ஒரு புதன்கிழமை காலையில் அந்தம்மா என்னிடம், உங்கள் மகளை என் அண்ணன் தோட்டத்துக்கு அறுவடை பார்க்க அழைத்துப் போகிறேன், வியாழன் போய்த் திங்கள் வருவோம், அங்கே போன் எடுக்காது, உங்களுக்குச் சம்மதமா என்று இரண்டு முறை கேட்டார். நான் இரண்டு முறையும் சம்மதம் என்றேன்.